ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில், தளபதி ஒத்தெல்லோ தன் கீழ் வேலை பார்க்கும் இயாகோவை அவ்வளவு சுலபமாக நம்பி, மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகிக்கிறானே, அவன் அடிமுட்டாளா?

முட்டாள் இல்லை. அந்த நாடகத்தில் இயாகோவை நம்பாதவர் யார் என்று தேடிப் பாருங்கள். அவனால் பதவி இழந்த துணைத்தளபதி காசியோவே அவனிடம்தான் யோசனை கேட்கிறான். டெஸ்டிமோனா மேல் ஆசை வைத்திருக்கும் ரொடரிகோவுக்கு இயாகோ அயோக்கியன் என்று தெரியும். ஆனாலும் தன்னை ஏமாற்ற மாட்டான் என்று பணத்தைக் கொட்டுகிறான்!

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். டெஸ்டிமோனாவிடம் பேசிக்கொண்டிருந்த காசியோ, ஒத்தெல்லோ வருவதைப் பார்த்ததும் நழுவுகிறான். குடித்துவிட்டுச் சண்டை போட்டுப் பதவி போனவன், எந்த முகத்தோடு தளபதி முன்னால் நிற்பான்? "ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று இயாகோ முனகுகிறான். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். மிச்சத்தை ஒத்தெல்லோவே கற்பனை செய்துகொள்கிறான். காசியோவுக்காக டெஸ்டிமோனா பரிந்து பேசுவது உண்மை. (பதவியைத் திரும்பப் பெற அவளிடம் சிபாரிசுக்குப் போ என்று காசியோவுக்குச் சொல்லிக்கொடுத்ததே இயாகோதான்.) அப்பாவை ஏமாற்றித்தான் அவள் உங்களைக் கட்டிக்கொண்டாள் என்கிறான், அதுவும் உண்மை. காசியோ தூக்கத்தில் உளறினான், அவள் கைக்குட்டையால் தாடியைத் துடைத்தான் என்ற அப்பட்டமான பொய்களெல்லாம் ஆள் வலையில் விழுந்த பிறகுதான் வருகின்றன.

அந்தக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலி என்றவனின் நெற்றியில் டெஸ்டிமோனா அதைக் கட்டப் பார்க்கிறாள். சின்னதாக இருக்கிறது என்று ஒத்தெல்லோ தள்ளிவிட, கீழே விழுகிறது. கிடக்கட்டும், வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான். அப்புறம் அதையே எங்கே எங்கே என்று அவளைக் குடைகிறான்!

கண்ணால் பார்க்கும் ஆதாரம் வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிப்பவனும் ஒத்தெல்லோதான். நான்காம் அங்கத்தில் அதுவும் கிடைக்கிறது. மறைந்து நின்று பார்க்கிறான்; காசியோ சிரிக்கிறான். சிரிப்பு காசியோவின் காதலி பியாங்காவைப் பற்றியது, இவனோ தன் மனைவியைப் பற்றி என்று நினைக்கிறான்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் டெஸ்டிமோனாவின் பொய்கள்தான். கைக்குட்டை தொலையவில்லை என்று பயத்தில் சொல்கிறாள். ஒத்தெல்லோ கையால் சாகும்போது, யார் செய்தது என்று இயாகோவின் மனைவியும் தன் பணிப்பெண்ணுமான எமிலியா கேட்க, "யாருமில்லை, நானேதான்" என்கிறாள். புருஷனைக் காப்பாற்றச் சொன்ன அந்தப் பொய்யை வைத்தே, பொய்க்காரி நரகத்துக்குப் போனாள் என்கிறான் ஒத்தெல்லோ.