பார்க்காத விடைத்தாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2020-ல் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி, 2017 ரெகுலேஷன் (அந்த வருடத்துப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்). கூடப் படித்தவர்கள் 2024-லேயே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஐந்து அரியர் நிற்கிறது: எம்-3 (மூன்றாம் செமஸ்டர் கணிதம்), தெர்மோ (வெப்ப இயக்கவியல்), எஸ்.ஓ.எம். (பொருள்களின் வலிமை), டி.ஓ.எம். (இயந்திரங்களின் இயக்கவியல்), எச்.எம்.டி. (வெப்ப, நிறைப் பரிமாற்றம்). எம்-3 மட்டும் ஏழு முறை எழுதிவிட்டேன். இன்டர்னல், அதாவது கல்லூரி போடும் அக மதிப்பெண், 20-க்கு 8-தான். ஆனால் தேர்வில் 100-க்கு 45 எடுத்தால் பாஸ் என்கிறார்கள். அந்த அளவுக்கு ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுத்தான் வருகிறேன், கிளியர் ஆவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "முடிச்சிட்டியாப்பா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இதை விட்டுவிட்டுத் தொலைதூரக் கல்வியில் ஒரு பி.ஏ. சேர்ந்துவிடலாமா? தேர்வு எழுதாமலே எல்லோருக்கும் அரியர் பாஸ் என்று அறிவித்தார்களே, அந்த மாதிரி மறுபடியும் ஆல் பாஸ் வர வாய்ப்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த விஷயம் ஒரே வரியில் இருக்கிறது. எழுதிய உங்களுக்கே அது கண்ணில் பட்டிருக்காது. அதற்கு வருகிறேன்.

கல்யாண வீட்டுக் கேள்விக்கு, "இன்னும் அஞ்சு பேப்பர் இருக்கு, எழுதிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கேட்டவர் பந்தியில் உட்காரும்போதே அதை மறந்திருப்பார். கல்யாணங்களுக்குப் போங்கள். ஆறு வருடம் ஒரு ஹாலுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் உங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பி.ஏ. மூன்று வருடம். உங்களிடம் பாக்கி இருப்பது ஐந்து பேப்பர். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆல் பாஸ் வராது. 2020 ஆகஸ்டில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது, கொண்டாடினார்கள். தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, கடைசியில் அரியரை எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த அறிவிப்பை நம்பிப் புத்தகத்தை மூடியவர்கள் இழந்த மாதங்கள் திரும்பி வரவில்லை. காலக்கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது கொடுக்கும் சிறப்பு வாய்ப்பையும் இப்போது நினைக்காதீர்கள். உங்கள் ரெகுலேஷன்படி 14 செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். 2020-ல் சேர்ந்தவருக்கு அது 2027 ஏப்ரல்–மே தேர்வோடு முடிகிறது. வரும் நவம்பர்–டிசம்பர் ஒன்று, அது ஒன்று. கையில் இருப்பது இரண்டு தேர்வுகள்.

இப்போது அந்த வரி. "அந்த அளவுக்கு ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுத்தான் வருகிறேன்."

எப்படித் தெரியும்? ரிசல்ட்டில் மார்க் வருவதில்லை, கிரேடுதான் வருகிறது. நீங்கள் 44 எடுத்தீர்களா, 19 எடுத்தீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. ஏழு முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழில் ஒரு விடைத்தாளையாவது நகல் வாங்கிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான் தம்பி. மூன்று நாள் காய்ச்சல் அடித்தால் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். ஏழு முறை தோற்ற பேப்பரை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் எட்டாவது முறைக்கு அதே கைடை எடுத்து, அதே முதல் யூனிட்டின் முதல் கணக்கிலிருந்து தொடங்குகிறீர்கள். எங்கே விழுந்தோம் என்று தெரியாதவன் எங்கே பார்த்துக் கால் வைப்பான்?

ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். கல்லூரித் தேர்வுப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். படிப்பு முடிந்து வெளியே இருப்பவர்களுக்கு அந்தத் தேதியே தெரியாமல் போய்விடுகிறது, ஏனென்றால் வகுப்பு வாட்ஸ்அப் குழு 2024-லேயே அடங்கிவிட்டது. ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடுவதற்கு மட்டும்தான் நகல் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ரீவேல்யூவேஷன் போடாவிட்டாலும் நகல் வாங்குங்கள். நமக்கு அது பரிசோதனைச் சீட்டு.

வந்ததும் என்ன செய்ய வேண்டும்? முதலில் கேள்வி வாரியாக மார்க் போட்ட பக்கத்தைப் பாருங்கள். பார்ட் ஏ-யில் இரண்டு மார்க் கேள்வி பத்துக்கும் தனித்தனியாக என்ன விழுந்திருக்கிறது, பதினொன்றிலிருந்து பதினைந்து வரை பெரிய கேள்வி ஒவ்வொன்றிலும் என்ன. பிறகு ஒரு வெள்ளைத்தாளில், போன மார்க் ஒவ்வொன்றும் ஏன் போனது என்று நான்கு வகையாகப் பிரித்து எழுதுங்கள். எழுதாமலே விட்டது. சூத்திரமே தப்பானது. முறை சரி, நடுவில் கூட்டல் கழித்தலில் சறுக்கியது. தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் நின்றது. நான்கையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். பலருக்கு முதல் வகைதான் மலைபோல் நிற்கும். உங்களுக்கு மூன்றாவது வகை பெரிதாக வந்தால் செய்ய வேண்டிய வேலையே வேறு: புதிதாக ஒரு பாடமும் படிக்க வேண்டாம், தெரிந்த கணக்கையே நேரம் வைத்துப் போட்டுப் பழக வேண்டும். நான்காவது பெரிதாக இருந்தால் கடிகாரத்தை மாற்றுங்கள். 180 நிமிடத்தில் பார்ட் ஏ-க்கு 25, பெரிய கேள்வி ஐந்துக்கும் ஆளுக்கு 30, மிச்சம் ஐந்து நிமிடம் ரெஜிஸ்டர் எண்ணும் கேள்வி எண்ணும் சரிபார்க்க. 30 நிமிடத்தில் முடியாத கணக்கில் நாலு வரி இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். இந்த நான்கில் உங்களுடையது எது என்பதை அந்தத் தாள் மட்டும்தான் சொல்லும். ட்யூஷன் மாஸ்டர் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

அடுத்து, அந்த 45. இதை யார் சொன்னார்களோ, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 100-க்கு எழுதும் தேர்வு 80-ஆகச் சுருங்குகிறது, இன்டர்னல் 20. தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், மொத்தத்தில் 50 வேண்டும். 45 எடுத்தால் 80-க்கு 36. உங்கள் 8-ஐச் சேர்த்தால் 44. ஆறு மார்க்கில் பெயில். இன்டர்னல் 14 வைத்திருக்கும் பையனுக்குத்தான் 45 போதும். உங்கள் 8-ஐ வைத்துக்கொண்டு 50-ஐத் தொட 80-க்கு 42 வேண்டும், அதாவது 100-க்கு 53. ஆனால் மூன்றாவது முறையிலிருந்து ஒரு சலுகை உண்டு: இன்டர்னல் எதுவாக இருந்தாலும் தேர்வில் மட்டும் 50 எடுத்தால் பாஸ். ஆகவே உங்கள் இலக்கு 50. ஏழு முறையும் ஐந்து மார்க்காவது தாழ்வான கோட்டைக் குறிவைத்து ஓடியிருக்கிறீர்கள்.

இத்துடன் ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு கேம்பஸ் நம்பிக்கை, "மூணு யூனிட் படிச்சா போதும்". கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்-3-இல் மொத்தம் ஐந்து யூனிட். ஒரு யூனிட்டுக்கு இரண்டு மார்க் கேள்வி இரண்டு, 16 மார்க் கேள்வி ஒன்று, ஆக 20. மூன்று யூனிட்டுக்கு 60. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முழு மார்க் விழுந்தால்தான் அந்த 60. நன்றாகவே எழுதுபவருக்கு 70 சதவீதம் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 42-லேயே நின்றுவிடும். இந்த ஒரு பேச்சு எத்தனை பிள்ளைகளின் வருடங்களைத் தின்றிருக்கிறது! நான்கு யூனிட் முழுசாக, ஐந்தாவதில் இரண்டு மார்க் கேள்விகள். இவை எல்லாம் சேர்ந்து 84. அதில் 60 சதவீதம் விழுந்தாலே 50.

எம்-3-இல் எந்த நான்கு என்றால், ஃபூரியர் சீரிஸ் கட்டாயம். அதை ஒழுங்காகப் படித்தால் மூன்றாவது யூனிட் பாதி முடிந்த மாதிரி. இழுத்துக் கட்டிய கம்பியின் அலைச் சமன்பாட்டுக் கணக்கு எல்லாம் ஒரே பாதையில்தான் போகும்: மூன்று தீர்வு எழுதி, பொருந்துவதை எடுத்து, எல்லை நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசியில் வந்து நிற்பது ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ். அது இரண்டாவது யூனிட் சரக்கு. இந்த இரண்டோடு இசட் டிரான்ஸ்பார்மும் ஃபூரியர் டிரான்ஸ்பார்மும். முதல் யூனிட்டில் இரண்டு மார்க் மட்டும்.

ஃபூரியர் சீரிஸிலேயே ஹார்மோனிக் அனாலிசிஸ் ஒன்றை மட்டும் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். அட்டவணையில் இருக்கும் மதிப்புகளை வைத்து ஏ-நாட், ஏ-1, பி-1 என்ற கெழுக்களைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. அட்டவணை கொடுப்பார்கள்: எக்ஸ் 0, π/3, 2π/3, π, 4π/3, 5π/3, 2π. ஒய் 1.0, 1.4, 1.9, 1.7, 1.5, 1.2, 1.0. ஏழு மதிப்புகள் கண்ணுக்குத் தெரியும். எடுக்க வேண்டியது ஆறு. கடைசி 1.0 என்பது முதல் 1.0-தான், ஒரு சுற்று முடிந்து திரும்ப வந்திருக்கிறது. ஆறையும் கூட்டினால் 8.7, அதன் சராசரியை இரட்டிப்பாக்கினால் ஏ-நாட் 2.9. ஒவ்வொரு ஒய்-யையும் அதன் காஸ் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் –1.1, அதை மூன்றால் வகுத்தால் ஏ-1 கிடைக்கும், –0.367. பி-1 0.173. ஏழையும் எடுத்தவருக்கு என்ன ஆகும்? காஸ் கூட்டுத்தொகை –1.1-லிருந்து –0.1-க்கு வந்துவிடும், ஏ-1 ஏறக்குறைய காணாமலே போய்விடும். ஒரே ஒரு நிரலைக் கூடுதலாக எடுத்ததில் விடையே அழிந்துபோகிறது. இன்னொன்று கால்குலேட்டர். டிகிரி மோடில் வைத்துக்கொண்டு π/3 என்று அடித்தால் காஸ் நிரல் முழுக்க 0.99, 0.99 என்று வரும். அப்படி வந்தால் அடுத்த நிரலுக்குப் போகாதீர்கள், மோடைப் பாருங்கள். π/3-க்கு 0.5 வர வேண்டும். நீங்கள் இந்தக் கணக்கை ஏழு தேர்வில் எத்தனை முறை எழுதினீர்களோ தெரியாது. ஒவ்வொரு முறையும் இதே கடைசி நிரலைச் சேர்த்திருந்தால்? நகலைப் பார்க்காதவரை அது தெரியவே போவதில்லை.

கொரோனாவில் சேர்ந்த உங்கள் செட்டுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எம்-1, எம்-2 இரண்டையும் கைபேசித் திரையில் படித்தீர்கள், போர்டில் ஒருவர் போட்டுக் காட்ட, பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டு படிக்கவில்லை. அது உங்கள் தவறல்ல. அதன் விளைவு இன்டக்ரேஷன் கை பழகாமல் போனது. பெர்னூலி சூத்திரத்தில் கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறி மாறி மாறி வருவது கைக்கு வராதவரை எம்-3 நகராது. ஒரு வாரம் அதை மட்டும் போடுங்கள், நாளைக்குப் பத்துக் கணக்கு.

மற்ற நான்கில் வரிசையை மட்டும் சொல்கிறேன். வரும் தேர்வுக்கு எம்-3, எஸ்.ஓ.எம்., எச்.எம்.டி. எச்.எம்.டி-யில் சூத்திரங்களும் அட்டவணைகளும் உள்ள டேட்டா புக் கையில் இருக்கிறது, சூத்திரம் மனப்பாடம் வேண்டாம். தட்டின் மேல் காற்று ஓடும் கன்வெக்ஷன் கணக்கில் காற்றின் பண்புகளைச் சுவர் வெப்பநிலைக்கும் காற்று வெப்பநிலைக்கும் நடுச்சராசரியில் எடுக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையிலேயே எடுத்துவிட்டு ரெய்னால்ட்ஸ் எண்ணிலிருந்து கடைசி வரி வரை தப்பாகக் கொண்டுபோவதுதான் வழக்கமான விபத்து. தெர்மோவும் டி.ஓ.எம்-மும் அடுத்த ஏப்ரலுக்கு. ஆனால் பணம் கட்டும்போது ஐந்துக்கும் கட்டுங்கள். படிக்காத இரண்டையும் போய் எழுதி, அந்த நகலையும் வாங்குங்கள், ஏப்ரலில் அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. டைம்டேபிள் வந்ததும் காலை, மதியம் என்று ஒரே நாளில் இரண்டு பேப்பர் விழுகிறதா என்று பாருங்கள். வெவ்வேறு செமஸ்டர் பேப்பர் என்பதால் அப்படி விழும்.

முதல் வகுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: அதற்கான ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அதை நினைத்து ஒரு ராத்திரி வருத்தப்படுங்கள், அதோடு விடுங்கள்.

ரிசல்ட் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போன் போட்டு, எம்-3 நகலுக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நேரில் போய்விடுங்கள். தாள் கைக்கு வந்ததும், அந்த நான்கு கூட்டல்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.