இங்கிலாந்தின் பழைய மேனர் மாளிகைகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், எதைப் பார்க்கலாம்?

லிட்டில் மோர்ட்டன் ஹால். செஷயரில், காங்கிள்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் மான்செஸ்டரில் வேலை பார்த்த காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். அப்பா முப்பது வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். அரண்மனை, கோட்டை எதைக் காட்டினாலும் "ம்" என்று நகர்ந்துவிடுவார். இங்கே அகழிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். "ஏம்ப்பா, இது நிக்குதா, விழுந்துக்கிட்டு இருக்கா?"

நியாயமான கேள்விதான். மூன்று அடுக்கு மரவீடு. நடு அடுக்கு வெளியே பிதுங்கியிருக்கும், மேல் அடுக்கு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், ஜன்னல் சட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் கோணியிருக்கும். நூல் பிடித்தாற்போல ஒரு கோடு கிடையாது. (கருப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று படங்களில் பார்ப்பீர்கள். இந்த மாதிரி வீடுகளில் மரத்துக்குக் கருப்படிப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். அதற்கு முன் ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயில் மழையில் சாம்பல் நிறமாகிவிடும்.)

மேனர் என்றால் வீடு என்றே நினைக்கிறோம். உண்மையில் அது நிலம். வயல், குடியானவர்கள், அவர்களுடைய வழக்கைத் தீர்க்கிற உரிமை எல்லாம் சேர்ந்தது. அதன் தலைவீடுதான் மேனர் ஹவுஸ், நம் ஜமீன் பங்களா மாதிரி. மோர்ட்டன் குடும்பம் பிரபுக்கள் அல்ல, வசதியான நிலக்காரர்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்து நிலம் மலிவானபோது வாங்கினார்கள். எட்டாம் ஹென்றி ராஜா கிறிஸ்தவ மடங்களைக் கலைத்து, அவற்றின் நிலம் விலைக்கு வந்தபோது இன்னும் சேர்த்தார்கள். 1504 வாக்கில் வில்லியம் மோர்ட்டன் வீட்டைத் தொடங்கினார், அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் 1610 வரை கட்டிக்கொண்டே போனார்கள். மொத்தத்துக்கும் ஒரே பிளான் என்று எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. கை நிறையும்போதெல்லாம் ஒரு கட்டு.

அப்பா முதலில் தேடியது ஆணியை. சட்டத்தில் ஆணி கிடையாது. ஒரு மரத்தில் துளை, அடுத்ததில் அதற்குள் போகிற நாக்கு, இரண்டையும் கோத்துக் குறுக்கே ஒரு மர முளை. ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துப் பூட்டிவிடுவார்கள். அது காயக் காய முறுக்கிக்கொண்டு இறுகும். வீடு கொஞ்சம் வளைந்தால் முளைகளும் கூடவே வளைந்து கொடுக்கும்.

ஆனால் இந்த அளவு கோணலுக்குக் காரணம் வேறு. 1560 வாக்கில் பேரன் ஜான் மோர்ட்டன் தெற்குக் கட்டை எழுப்பினார். வேலை ஆரம்பித்த பிறகுதான் அதன் உச்சியில் லாங் கேலரி வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. 68 அடி நீளக் கூடம், இரண்டு பக்கமும் ஜன்னல்கள், அன்றைக்குப் பணக்கார வீடுகளில் அதுதான் ஃபேஷன். மேலே ஓடு இல்லை, கனமான கல் பலகைகள். அந்தப் பாரம் முழுக்கக் கீழே இறங்குகிறது. விவரப் பலகையை நான் படித்துச் சொல்வதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "ரெண்டு மாடிக்குப் போட்ட காலு. பொறவு மூணாவதை ஏத்திட்டானுங்க."

மேலே ஏறிப் பார்த்தால் தரை படகு மாதிரி ஏறி இறங்குகிறது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மழை நாளில் உலாத்தவும் விளையாடவும்தான் இந்தக் கூடம். மரப்பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகள்கூடக் கிடைத்திருக்கின்றன. ஒரு கோடியில் சக்கரத்தோடு அதிர்ஷ்ட தேவதை, 'அறியாமை ஆள்வது' என்ற எழுத்தோடு. எதிர்க்கோடியில் விதி, 'அறிவு ஆள்வது'. இரண்டும் சுண்ணச் சாந்தில் செய்த உருவங்கள். 1556-இல் வந்த ஒரு வானியல் புத்தகத்தின் படத்தைப் பார்த்துச் செய்தவை. அதை எழுதியவர் ராபர்ட் ரெக்கார்டு, கணக்கில் நாம் போடுகிற '=' குறியைக் கொண்டுவந்த அதே ஆள். இணைகோடு ஒன்றுகூட இல்லாத கூடத்தில் அவர் புத்தகத்துப் படம்!

இவ்வளவு கோணலாகியும் ஏன் இடித்துக் கட்டவில்லை? காசில்லை. 1640-களில் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் ராஜா பக்கம் நின்றார்கள். நாடாளுமன்றப் படை வீட்டை எடுத்துக்கொண்டு சிப்பாய்களைத் தங்கவைத்தது. கடன் ஏறியது. வீட்டை விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். மற்ற பணக்காரர்கள் பழைய வீட்டைத் தள்ளிவிட்டு நேரான செங்கல் மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே வீடு அப்படியே கிடந்தது. பின்னால் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடிவைத்திருந்தார்கள். கடைசி வாரிசு எலிசபெத் மோர்ட்டன் கன்னியாஸ்திரி. 1912-இல் ஒருபோதும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உறவினரான ஒரு பிஷப்புக்கு எழுதிவைத்தார். 1938-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. கேலரி மேற்கொண்டு சாயாமல் ஸ்டீல் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

போனால் முற்றத்தைப் பார்த்திருக்கிற இரண்டு பெரிய பே ஜன்னல்களை (சுவரைவிட்டு வெளியே நீண்டிருக்கும் ஜன்னல்கள்) தவறவிடாதீர்கள். ஒன்றோடொன்று கூரை இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக இருக்கும். அவற்றில் எழுத்து செதுக்கியிருக்கிறது. 1559-இல் இந்த ஜன்னல்களைச் செய்தது வில்லியம் மோர்ட்டன் என்று ஒரு வரி. இவர் முதல் வில்லியமின் மகன், வீட்டுக்காரர். அங்கேயே இன்னொரு வரி: 'தச்சன் ரிச்சர்ட் டேல் கடவுள் கிருபையால் இந்த ஜன்னல்களைச் செய்தான்.'

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். "அந்த ரெண்டாவது வரி தெரியிற மாதிரி என்னை ஒரு படம் எடு."