வெள்ளவத்தையில் பொரித்த கோழிக்கடை போடலாமா?

கேள்வி: காலி வீதியில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறது. பொரித்த கோழியும் பர்கரும் விற்கலாம் என்று நானும் அக்காவும் யோசிக்கிறோம். பெரிய கம்பனிகளுக்கு நடுவில் தாக்குப்பிடிப்போமா?

பதில்: கடை போடுங்கள். ஆனால் பொரித்த கோழியை முதல் சரக்காக வைக்காதீர்கள்.

இலங்கைக்கு பீட்சா ஹட் 1993இலும் கே.எஃப்.சி 1995இலும் வந்தன. டொமினோஸ், பர்கர் கிங் எல்லாம் பிறகு வந்தவை. பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. 1998இல் வந்த மக்டொனால்ட்ஸ், இங்கே நடத்திய நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டு 2024 மார்ச்சில் தன் 12 கடைகளையும் மூடியது. ஆனால் கே.எஃப்.சியை நடத்துவது கார்கில்ஸ். ஃபுட் சிட்டி சூப்பர் மார்க்கெட்டுகளும் அவர்களுடையவைதான், இறைச்சி பதப்படுத்துவதும் அவர்களே. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் உங்களுக்கு யார் கோழி தருவார்? அந்தச் சண்டைக்குப் போகவே வேண்டாம்.

உங்கள் உண்மையான போட்டி பக்கத்துக் கொத்து ரொட்டிக் கடை. இரவு ஏழு மணிக்குத் தகட்டில் கரண்டி விழும் சத்தம் கேட்டாலே ஆட்கள் ஒதுங்குவார்கள். பார்சலிலும் கொத்துதான் கெட்டி. பொரித்த கோழியைப் பெட்டியில் மூடி அரை மணி நேரம் மோட்டார் சைக்கிளில் அனுப்பிப் பாருங்கள்: தன் ஆவியிலேயே நனைந்து மேல்தோல் தளர்ந்துவிடும். கொத்து அப்படியே போய்ச் சேரும். ஆகவே கொத்தையே முதல் சரக்காக வையுங்கள்.

ஊபர் ஈட்ஸ், பிக்மீ போன்ற டெலிவரி செயலிகள் வழியாக விற்பதென்றால் முதலில் கணக்குப் போடுங்கள். 1,200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 25 வீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம்: 300 போயிற்று. பொருட்களுக்கு 480, பெட்டிக்கு 60. மிஞ்சுவது 360. வாடகை, காஸ், கரண்ட், சம்பளம், அதன்மேல் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) 12 வீதம், நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.) 3 வீதம் எல்லாம் அதற்குள்தான். கடைக்கே வந்து வாங்குபவரிடம் அந்த 300 உங்கள் கையில் நிற்கும். அவரைத் திரும்ப வரவைப்பதற்குத்தான் பாடுபட வேண்டும்.

வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகள் ஏராளம். கோழி மட்டும் விற்றால் அன்று கடை காற்று வாங்கும். மரக்கறிக் கொத்து, பன்னீர் ரொட்டி என்று வெள்ளிக்கென ஒரு பட்டியல் வையுங்கள். அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வேண்டும், அதை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கவும் வேண்டும். முஸ்லிம் வாடிக்கையாளரும் வருவார்கள், ஆகவே கோழி ஹலாலாக இருக்கட்டும்.

விலைப்பட்டியலை அச்சடிக்காமல் பலகையில் எழுதுங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் காஸ் கிடைக்காமல் எத்தனையோ கடைகள் அடுப்பு மூட்டவில்லை. கையில் எப்போதும் ஒரு மேலதிக சிலிண்டர் இருக்கட்டும்.

கடைசியாக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைக்குப் பின்னால் போய் நின்று மேலே பாருங்கள். புகைக்குழாய் எங்கே போகிறது? மேல்மாடி வீட்டு ஜன்னலுக்கு நேரே போனால், முதல் மாதமே முறைப்பாடு எழும்பி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நிற்பார். குழாயைக் கூரை வரை உயர்த்த வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் வேறு கடை பாருங்கள்.