இன்ஸ்டால் நிஜம், கிளிக் பொய்: பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ஓர் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு விளம்பர நெட்வொர்க் மூலம் எங்கள் செயலியை விளம்பரம் செய்தோம். அவர்கள் கணக்கில் இன்ஸ்டால் ஏறியது. தானாகத் தேடி வருகிறவர்கள் அதே அளவு குறைந்தார்கள். மொத்தம் மாறவே இல்லை. கடைசி பில்லை நிறுத்திவிட்டோம். "எல்லாரும் நிஜப் பயனர்கள், கட்டாவிட்டால் வழக்கு" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. வந்தவர்கள் நிஜம்தான், அழைத்து வந்தது விளம்பரம் என்பதுதான் சந்தேகம். ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே உள்ள வேறொரு செயலி, உங்கள் செயலி இறங்குவதை மோப்பம் பிடித்து, கடைசி நேரத்தில் ஒரு போலி கிளிக்கை அனுப்பலாம். இன்ஸ்டாலுக்கு முன் விழுந்த கடைசி கிளிக் யாருடையதோ, அவர்களுக்குத்தானே காசு! இதற்கு கிளிக் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். போலி கிளிக்குகளை ஏராளமாகத் தூவிவிட்டு, பிறகு தானாகவே செயலியை இறக்குகிறவர்களுக்கெல்லாம் பணம் கேட்பது இன்னொரு வகை.

உங்களுக்குக் கைகொடுக்கப்போவது நேரப் பதிவு. கூகுள் பிளே, கிளிக் விழுந்த நேரத்தையும் டவுன்லோடு தொடங்கிய நேரத்தையும் தனித்தனியே தருகிறது. டவுன்லோடு தொடங்கிய பிறகு கிளிக் வந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் திணறுவார். ஸ்கிரீன்ஷாட் போதாது, மூல லாக்குகளை (ஒவ்வொரு கிளிக்கும் இன்ஸ்டாலும் நேரத்தோடு பதிவான கோப்புகள்) அழிவதற்குள் இன்றே இறக்கி வையுங்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுங்கள். யாருடைய எண்ணிக்கை செல்லும், எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும், துணை வெளியீட்டாளரின் (நெட்வொர்க்குக்காக விளம்பரத்தைக் காட்டும் செயலி அல்லது தளம்) தவறுக்கு யார் பொறுப்பு என்ற மூன்றும்தான் முக்கியம். சும்மா பில்லை நிறுத்தி வைப்பது ஆபத்து. ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்றாகிவிடும். சந்தேகமில்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதிக்குக் காரணத்தோடு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கெடு தாண்டியிருந்தால் வழக்கு கடினமாகும். ஆனால் மோசடி என்று காட்ட முடிந்தால், பல நாடுகளின் சட்டத்தில் கதவு முழுதாக மூடிவிடாது.

2017இல் ஊபர் விளம்பர பில்லைக் கட்டவில்லை என்று, அதற்கு விளம்பரம் செய்த ஃபன்வேர் நிறுவனம் வழக்குப் போட்டது. ஊபர் போலி கிளிக் குற்றச்சாட்டோடு திருப்பி அடித்தது. 2020இல் சமரசமாகி, 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது ஃபன்வேர்தான். உங்களிடம் லாக் இருந்தால், வழக்கு மிரட்டலுக்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்த ஒப்பந்தத்தில், துணை வெளியீட்டாளர் பட்டியல், தணிக்கை உரிமை, போலி இன்ஸ்டாலுக்குப் பணம் திரும்பப் பெறும் உரிமை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலைத் தர மறுக்கும் நெட்வொர்க்கிடம் நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.