ஓசி கேமில் ஒரு சட்டை என்ன விலை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேம்களைப் பற்றியவை. அதிலும் "கேம் இலவசம், மற்றதெல்லாம் காசு" என்ற புலம்பல்தான் அதிகம். சரி, அவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அரசியல், சினிமா கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கேள்வி: நான் விளையாடும் ஷூட்டிங் கேமில் ஒரு கத்தி ஸ்கின்னின் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்) விலை என் ஒரு மாத மெஸ் பில்லுக்குப் பக்கத்தில் வருகிறது. இதைச் சொன்னால், "வெறும் ஸ்கின்தானே, வேண்டாம் என்றால் வாங்காதே" என்று நண்பர்கள் வாயை அடைக்கிறார்கள். கோபப்படுவது தப்பா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: தப்பே இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காசு கொடுத்தவனின் துப்பாக்கி கூடுதலாகச் சுடாது, கத்தி ஆழமாக இறங்காது. பணம் கட்டினால்தான் ஜெயிக்கலாம் என்றிருக்கும் கேம்களைப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் மிச்சப் பாதியை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். நடத்துகிறவர்களுக்கு வருமானமே தோற்றத்தை விற்றுத்தான் என்றால், எதுவும் வாங்காதவன் மற்றவர்கள் முன்னால் கொஞ்சம் மட்டமாகத் தெரிவதும் அவர்களுக்கு வசதிதான். ஃபோர்ட்நைட் என்ற கேம் உச்சத்தில் இருந்தபோது, ஸ்கின் இல்லாமல் கேம் கொடுத்த உருவத்தோடு சுற்றும் பிள்ளையை 'டிஃபால்ட்' என்று கூட இருந்தவர்களே கேலி செய்தார்கள். பத்து வயதுப் பையனிடம் போய் "வெறும் ஸ்கின்தானே" என்று சொல்லிப் பாருங்கள்.

விலை ஏறிய கதையும் சுவாரசியமானது. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் என்ற கேமில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றை 2.50 டாலருக்கு விற்றார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை, வருடக்கணக்கில் அது கிண்டலாகவே ஓடியது. 2020-இல் வேலரண்ட் என்ற கேம் வந்த ஒன்றிரண்டு மாதத்திலேயே எல்டர்ஃப்ளேம் என்று ஒரு தொகுப்பு. துப்பாக்கியே குட்டி டிராகனாக மாறி நெளியும், அழகுதான், ஆனால் விலை 9,900 விபி (அந்தக் கேமுக்குள் செல்லும் காசு), அதாவது ஏறக்குறைய 100 டாலர். 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமின் ஆட்டக்காரர் ஃபேக்கரைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லி ஆரி என்ற கதாபாத்திரத்துக்கு ஒரு தொகுப்பு விட்டார்கள். அதில் உச்சமான தொகுப்பு 59,000 ஆர்பிக்கு (இந்தக் கேமின் காசு) மேல், டாலரில் 400-ஐத் தாண்டியது. எதிர்ப்பைக் காட்டப் பலர் ஆட்டத்துக்கு முன்பே ஆரியைத் தடைப் பட்டியலில் போட்டார்கள், ஸ்கின் வாங்கியவன் அவளை எடுத்து ஆடவே முடியாதபடி. (குசும்புதான், ஆனால் ரசித்தேன்.)

ஒன்று சொல்லிவிடுகிறேன். விலை அதிகம் என்பதற்காக மட்டும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 400 டாலருக்கு ஒரு பொம்மை உருவம் வாங்க ஒருவருக்கு ஆசையும் வசதியும் இருந்தால் அது அவர் பாடு. என் கோபம், விலை என்ன என்பதையே தெரியவிடாமல் செய்வதில். அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: எல்லா கேமிலும் ஏன் காயின், டைமண்ட், யூசி, விபி? நேரடியாக ரூபாயில் விலை போட்டால் என்ன கெட்டுப்போகும்?
– பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

பதில்: வியாபாரம் கெட்டுப்போகும். ரூபாய் என்று எழுதியிருந்தால் வாங்கும் முன் ஒரு நொடி யோசிப்போம். டைமண்ட் ஏற்கெனவே வாங்கி வைத்தது, செலவழித்துவிட்டதாக மனம் முடிவு கட்டிவிட்ட பணம், அதனால் கை தாராளமாக நீளும்.

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் மீதியில் இருக்கிறது. வேலரண்டில் பரவலாக விற்கும் ஒரு ரகத் துப்பாக்கி ஸ்கின் 1,775 விபி. அமெரிக்கக் கடையில் விபி கட்டுகள் 475, 1,000, 2,050 என்று போகும். 1,775-க்குச் சரியாக எந்தக் கட்டும் இல்லை. 2,050 வாங்கினால் 275 மீதி, அதற்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுப்பார்களே, அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே அந்த மிட்டாயைத் தின்னவும் முடியாது, இன்னும் கொஞ்சம் காசு போட்டால்தான் அது எதற்காவது ஆகும். அந்த 275 கணக்கில் கிடந்து உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் அடுத்த டாப்-அப் நடக்கிறது.

ஐரோப்பாவில் இதைக் கவனித்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து சில நெறிகளை வெளியிட்டன: கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் காயின் வாங்கும்படி மடக்கக் கூடாது என்று. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக விதிகளை அறிவித்தது. 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் முதலாவதே பொய்யான அவசரம் காட்டுவது. "இன்னும் 23 மணி நேரம்தான், இனி வராது" என்று கடிகாரம் ஓடவிட்டு, நாலு மாதம் கழித்து அதே ஸ்கின்னை மறுபடி கொண்டுவந்து வைத்தால் அது இந்த வகையில் வருமா வராதா? வரும் என்பது என் கட்சி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். உடனே ஏதோ நடந்துவிடும் என்று ஆசைகாட்ட மாட்டேன், ஆனால் புகாரே இல்லை என்றால் அதிகாரி ஏன் அந்தப் பக்கம் திரும்பப் போகிறார்?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. என் போனில் ஒரு கேமுக்கு டாப்-அப் செய்து செய்து கணிசமான தொகை போய்விட்டது. அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: முதலில் பையனை அடிக்காதீர்கள் அம்மா. பெரியவர்களையே வழுக்கி விழவைக்கும்படி செய்த திரை அது.

ஆண்ட்ராய்டு போன் என்றால், வாங்கி 48 மணி நேரத்துக்குள் கூகுள் ப்ளேயிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அது தாண்டிவிட்டால் கேம் நிறுவனத்துக்கு நேரடியாக எழுத வேண்டும். குழந்தை தெரியாமல் செய்தது என்பதைச் சொல்லி, ஆர்டர் எண்ணோடு அனுப்புங்கள். ஐபோன் என்றால் ஆப்பிளிடமே கேட்க வேண்டும், அவர்களுடைய 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கத்தில். அவசரப்பட்டு முதல் வேலையாக வங்கியிடம் போய் இந்தக் கட்டணத்தை ஏற்க மாட்டேன் என்று மறுக்க வேண்டாம். ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்றே, அப்படி மறுத்தவர்களின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள் என்பதுதான். ஒரு பட்டனைத் தெரியாமல் தொட்டாலே பணம் போகும்படி வைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 24.5 கோடி ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தருவதற்கு, மீதி குழந்தைகளின் அந்தரங்கத் தகவல் தொடர்பான விதிமீறலுக்கு. பதினொரு வயதுப் பிள்ளை ஏமாந்தது உங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கே செய்யவேண்டியது: ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். பையனுக்குத் தனிக் கணக்கு உண்டாக்கி கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் சேர்த்தால், அவன் ப்ளே ஸ்டோர் வழியாக எதை வாங்க முயன்றாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வைக்கலாம். யூபிஐ செயலியில் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே எதுவும் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம், அவன் யூபிஐ பின்னைப் பார்த்து வைத்திருப்பான், மாற்றுங்கள். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது, வங்கிக் குறுஞ்செய்தி சொல்வதற்குள்.

கேள்வி: லூட் பாக்ஸ் மேலா, நேரடி விற்பனை மேலா?
– கேமர், கோவை

பதில்: நேரடி விற்பனை. லூட் பாக்ஸ் என்பது உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டி. ஆனால் ஆட்டக்காரர்கள் லூட் பாக்ஸையே திரும்பக் கேட்ட விநோதமும் நடந்திருக்கிறது. முதல் ஓவர்வாட்ச் காசு கொடுத்து வாங்கும் கேம். ஆடி ஆடி லெவல் ஏறினால் பெட்டி கிடைக்கும், காசு போடாமலே ஸ்கின் சேர்ந்துகொண்டே போகும். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 இலவசமாக வந்தது, பெட்டிகள் போயின. கடையில் லெஜண்டரி எனப்படும் உயர் ரக ஸ்கின் ஒன்று அப்போது 1,900 காயின், ஏறக்குறைய 19 டாலர். "எங்கள் பெட்டியைக் கொடுங்கள்" என்று புலம்பித் தீர்த்தார்கள், 2025 பிப்ரவரியில் பெட்டிகள் மறுபடி வந்தன. அவர்களுக்குப் பிடித்திருந்தது சூதாட்டமில்லை, இலவசம்.

காசு வாங்கிக்கொண்டு குலுக்கிப் போடுவது வேறு சமாச்சாரம். ஜென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் ஐந்து நட்சத்திரக் (மிக அரிய) கதாபாத்திரம் வர ஒரு முறைக்கு 0.6 சதவீத வாய்ப்பு. 90 முறை இழுத்தால் ஐந்து நட்சத்திர ரகத்தில் ஒன்று நிச்சயம், ஆனால் அதுவும் நீங்கள் ஆசைப்பட்டதாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை. ஜப்பான் 2012-லேயே காச்சாவின் (இப்படிக் காசு போட்டுக் குலுக்கி எடுக்கும் முறை) மோசமான ஒரு வடிவத்தை நிறுத்தியது. பெல்ஜியம் 2018-இல் காசு வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. ஜென்ஷின் நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது.

கேள்வி: நான் சாஃப்ட்வேர்க்காரன். சர்வருக்குக் காசு வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். ஓசியில் ஆடிவிட்டு விலை அதிகம் என்று கத்துவது நியாயமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உங்களைப் போலவே யோசித்த ஒருவர் 2019 ஆகஸ்டில் மாட்டிக்கொண்டார். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் அயர்ன் கிரவுன் என்று ஒரு நிகழ்வு. 7 டாலருக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிகளிலிருந்து வரும் 24 பொருளையும் சேர்த்தால்தான் ஒரு கோடாரியை வாங்கும் உரிமையே கிடைக்கும், அந்தக் கோடாரிக்குத் தனியாக 35 டாலர். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 200 டாலர் வரை போனது. கேமை உருவாக்கியவர்களில் ஒருவர் வாக்குவாதத்தில் ஆட்டக்காரர்களை 'ஓசிக்காரர்கள்' என்ற பொருளில் பேசிவிட, ரகளையாகி, கடைசியில் நிறுவனத் தலைமை மன்னிப்புக் கேட்டது.

காசு வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கஞ்சர்களும் இல்லை. டோட்டா 2 முழுக்க இலவசம், எல்லா ஹீரோக்களும் இலவசம். அதன் பேட்டில் பாஸ் (ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் சீட்டு) விற்பனையில் 25 சதவீதம் உலகப் போட்டியின் பரிசுக்குப் போகும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், 2021-இல் அந்தப் பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தொட்டது. காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்வர்வ் என்ற நிறுவனம் 2014-இல் மொபைல் கேம்களை ஆராய்ந்து, வருமானத்தில் பாதி 0.15 சதவீத ஆட்டக்காரர்களிடமிருந்து வருகிறது என்று சொன்னது. திமிங்கிலங்கள் என்று அந்தத் தொழிலில் இவர்களுக்குப் பெயர். கடை முழுவதும் அவர்களுக்காக விலை போட்டால், 200 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிற உங்களையும் என்னையும் யார் கணக்கில் எடுப்பது? சாஃப்ட்வேர்க்காரர் நீங்கள், அந்தத் திமிங்கிலங்களில் எத்தனை பேர் பணக்காரர்கள், எத்தனை பேர் நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் என்று உங்கள் டேஷ்போர்டு காட்டுமா?

கேள்வி: ஒரு நட்சத்திர ரிவ்யூ போட்டால், அன்இன்ஸ்டால் செய்தால் ஏதாவது மாறுமா?
– வாசகி, திருச்சி

பதில்: எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலையில் ஏபெக்ஸ் தன் பேட்டில் பாஸை இரண்டாகப் பிரித்து, கேம் காயினில் வாங்க முடியாது, நிஜக் காசுதான் என்றது. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் எதிர்மறை ரிவ்யூ கொட்டியது, அந்த மாதமே பின்வாங்கினார்கள். 2025-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இலவசமாகக் கிடைத்துவந்த ஹெக்ஸ்டெக் பெட்டிகளை நிறுத்தியது, சத்தம் போட்டார்கள், பெட்டி திரும்பி வந்தது. ஆனால் 400 டாலர் ஆரிக்கு எதிராக எவ்வளவு கத்தியும், அதே 2024 நவம்பரில் ஜிங்க்ஸ் ஸ்கின் ஒன்றைக் குலுக்கல் முறையில், கையில் வந்து சேர 250 டாலர் வரை ஆகும்படி விட்டார்கள். நான் பார்த்தவரை, கையில் இருந்ததைப் பிடுங்கினால் எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். விலையை ஏற்றினால் பாதிப் பேர் கத்துகிறார்கள், கொஞ்சம் பேர் வாங்கிவிடுகிறார்கள், அந்தக் கொஞ்சம் பேரே கம்பெனிக்குப் போதும்.

கேள்வி: ஸ்கின் ஒரு முதலீடு என்கிறான் என் ரூம்மேட்.
– மாணவர், சென்னை

பதில்: 2025 அக்டோபரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஒரு அப்டேட் வந்தது. ஐந்து சிவப்பு ரக (உயர் ரக) ஸ்கின்களைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அரிதாக இருந்த கத்தி இனி எளிதில் கிடைக்கும் என்றதும் அதன் விலையெல்லாம் ஒரே நாளில் சரிந்தது. அதுவாவது விற்க முடிந்த ஸ்கின். பெரும்பாலான மொபைல் கேம்களில் விற்கவே முடியாது, நீங்கள் வாங்குவது பயன்படுத்த ஓர் அனுமதி, அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானபோது யூசி கொட்டி வாங்கியதெல்லாம் என்ன ஆகும் என்று தெரியாமல் இங்கே எத்தனை பேர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று ரூம்மேட்டிடம் கேளுங்கள். அவரும் அதில் ஒருவராக இருக்கலாம்.

கேள்வி: தம்பி பிறந்தநாளுக்கு டாப்-அப் கேட்கிறான். கொடுக்கலாமா?
– அக்கா, தஞ்சாவூர்

பதில்: கொடுங்கள். உங்கள் கார்டை அவன் போனில் சேர்க்காமல், ஒரு தொகைக்கு கிஃப்ட் கார்டாகக் கொடுங்கள், அதோடு முடிந்தது. குலுக்கலில் போடாமல் கடையில் நேரடியாக வாங்கச் சொல்லுங்கள். எந்த ஸ்கின் என்பதில் மட்டும் தலையிடாதீர்கள், நீங்கள் அழகு என்று சொன்னதை அவன் ஜென்மத்துக்கும் போட மாட்டான்.