மகளின் நோட்டைப் படியுங்கள், வயலை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மகளோடு வந்து, நீட் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறவில்லை என்று கலங்கினீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. வயலை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்புங்கள் என்று உங்கள் மைத்துனர் சொல்வது தவறு. அங்கே படித்துத் திரும்பியவர்கள் இங்கே தகுதித் தேர்வில் தேறி, பயிற்சிக் காலத்தையும் முடித்த பிறகுதான் மருத்துவம் பார்க்க முடியும். வட்டி அதுவரை காத்திருக்காது. வீட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று பேசும் சொந்தபந்தங்களில் ஒருவர்கூட அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை.

மகள் கொண்டுவந்த நோட்டை நீங்கள் திறந்து பார்த்ததுண்டா? பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, பள்ளி நுண்ணோக்கியில் வைத்து, தாய்ச் செல்லின் ஓரத்தில் மொட்டு அரும்புவதை நேரம் குறித்து வரைந்திருக்கிறாள். அரும்பாமல் நின்ற செல்களையும் எண்ணி, "இவை மட்டும் ஏன்?" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

அந்தக் கேள்வியைத்தான் செல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஆராயும் ஒற்றைச் செல் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் 1996-லேயே படித்தறியப்பட்டுவிட்டது. அதில் சுமார் 6,000 மரபணுக்கள் உள்ளன. மரபணுவின் செய்தியை ஆர்.என்.ஏ. சுமந்து செல்ல, அதைக் கொண்டு புரதம் உருவாகிறது. லட்சக்கணக்கான செல்களைச் சேர்த்து அரைத்து அளந்தால் சராசரி மட்டுமே கிடைக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஏன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதை அறிய, ஒரே செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் ஒருசேரப் படமெடுக்க வேண்டும்.

அது பொறுமையான கைவேலை. செல்களை ஃபார்மால்டிஹைடில் உள்ளது உள்ளபடி நிலைநிறுத்தி, தடித்த செல்சுவரை நொதியால் கரைக்க வேண்டும். கரைப்பது குறைந்தால், குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி உள்ளே நுழையாது, கூடினால் செல்லே சிதைந்துபோகும். பிறகு, குறிப்பிட்ட ஓர் ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டக்கூடிய, 20 எழுத்து நீளமுள்ள சிறு டி.என்.ஏ. துண்டுகள் பலவற்றில் ஒளிரும் சாயத்தை ஏற்றிச் சேர்ப்பார்கள். அவை ஒரே மூலக்கூறின் மேல் நெருக்கமாகப் படியும்போது அந்த ஒற்றை ஆர்.என்.ஏ. ஒளிப்புள்ளியாகத் தெரியும். புரதத்தை வேறு நிறம் ஏற்றிய ஆன்டிபாடி காட்டும். அந்த ஆன்டிபாடிக் கரைசலில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி துளி கலந்திருந்தாலும் புள்ளிகள் மறைந்துவிடும் என்பதால், அந்த நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளையும் சேர்த்தே வேலை செய்கிறார்கள். இறுதியில் செல்லை அடுக்கடுக்காகப் படமெடுத்து, கணினியில் புள்ளிகளை எண்ண வேண்டும். ஆகவே உயிரியலோடு புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதும் அவளுக்குத் தேவைப்படும். கணக்கை இப்போதே கைவிட வேண்டாம்.

இதற்கு நல்ல வாசல் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. அவற்றுள் ஒன்று நம் பொதிகை மலைக்கு மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவில் இருக்கிறது. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள் வரும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதலாம்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டம் வரை பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் வீடு கட்டும் அளவுக்குப் பணம் வராது. ஆனால் பிளஸ் டூ வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்குத் தேர்வானால் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய். படிப்புக்குக் கடன் தேவைப்பட்டால் அவள் பெயரில் கல்விக்கடன் வாங்குங்கள், வயலைத் தொடாதீர்கள்.

இதையும் அவள் மேல் திணிக்கக் கூடாது. மைத்துனர் பேச விரும்பினால் அடுத்த முறை தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் படிப்பைப் பற்றி நான் யாரிடமும் பேசமாட்டேன்.