அறுத்த கட்டையை மாற்றலாம், அறுத்த பேரலை?

கேள்வி: தாத்தா வைத்திருந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, உரிமத்தோடு என்னிடம் இருக்கிறது. 1917 என்றும், மார்க் மூன்று என்ற மாடல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் பொறித்திருக்கிறது. வேட்டைக்காக யாரோ முன்கட்டையை, அதாவது குழலைத் தாங்கும் மரத்தை, அறுத்துவிட்டார்கள். பழைய ராணுவ உருவத்துக்குக் கொண்டுவரலாமா? படங்களில் தெரியும் பக்கவாட்டு தொலைதூரக் குறியையும் (தூரத்து இலக்கைக் குறிபார்க்கும் பாகம்) வாங்கி மாட்டலாமா?

பதில்: கொண்டுவரலாம், பேரல் (குழல்) அறுபடாமல் தப்பித்திருந்தால். துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) மூடுங்கள். குழல் வாய் வழியாக மெல்லிய மரக்குச்சியை விட்டு அளந்து பாருங்கள். ஏறக்குறைய 25.2 அங்குலம், அதாவது 640 மில்லிமீட்டர் வந்தால் பிழைத்தது. குறைந்தால் பேரலையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு முழுத் துப்பாக்கியே வாங்கிவிடலாம். அப்படியானால் வேட்டைத் துப்பாக்கியாகவே விட்டுவிடுங்கள் என்பேன்.

தொலைதூரக் குறி வேண்டாம். 1907இல் வந்த மார்க் மூன்றில் அது உண்டு. போர்க்காலத்தில் வேகமாகச் செய்து தள்ளுவதற்காக அதைக் கைவிட்டார்கள்; அந்த எளிய வடிவத்துக்கு வைத்த அடையாளம்தான் நட்சத்திரம். உங்களுடையதில் அதை மாட்டினால் வேஷம் போட்ட மாதிரிதான்.

அப்புறம் கட்டை. பழைய முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையை (தோளில் வைக்கும் மரம்) பிடித்திருக்கும் நீளத் திருகாணியைத் திருகவே திருகாதீர்கள். அந்தத் திருகாணியின் முனை சதுரம். முன்கட்டையின் பின்பக்கத் தகட்டில் போய்க் கவ்வியிருக்கும். திருகினால் மரம் பிளந்துவிடும். நல்ல கட்டைகள் பல இப்படித்தான் வீணாகின்றன. மாட்டும்போது தலைகீழ் வரிசை: பின்கட்டை முதலில், முன்கட்டை கடைசியில்.

புதுக் கட்டை வாங்கியதும் மாட்டிவிட முடியாது. சுடும்போது வரும் உதைப்பை, டிரிக்கருக்கு முன்னால் மரமும் இரும்பும் முட்டும் இரண்டு முகங்கள்தான் தாங்குகின்றன. இரண்டு பக்கமும் சமமாக முட்ட வேண்டும். இரும்பில் கறுப்பு மை தடவி அழுத்தி, மை ஒட்டிய இடத்தை மட்டும் துளித்துளியாகச் சுரண்டுங்கள். பொறுமை இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். நோஸ்கேப்போடு (முன்முனையில் வரும் இரும்பு மூடி), கட்டைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளையும் உள்வளையத்தையும் கேட்டு வாங்குங்கள். வேட்டைக்கு அறுத்தவர்கள் முதலில் தூக்கிப்போடுவது அவற்றைத்தான்.

பின்கட்டையில் உப்புத்தாள் போடாதீர்கள், முத்திரைகள் போய்விடும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி காட்டினால் மரம் எழும்பும். வார்னிஷ் கூடாது, ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தால் போதும். டெலஸ்கோப்புக்காகத் துளை போட்டிருந்தால் திருகு வைத்து மூடுங்கள். வெல்டிங் வேண்டாம், சூட்டில் இரும்பின் பதம் கெட்டுவிடும்.

போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒத்துப்போகவில்லையா? சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, கேஜ் என்ற அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.